மாரிக்குத் தப்பிய முள்ளுகள்

"கள்ளிக்கு என்ன பராமரிப்பு? அது தன்ரபாட்டில வளரும்" என்று சொல்லித்தான் பன்னிரண்டு சாடிகளை என் தலையில் கட்டினார்கள். நானும் நம்பினேன். கரவெட்டி வெயிலுக்கு இதைவிடத் தோதான செடி ஏது? சித்திரை, வைகாசியில் வளவெல்லாம் சருகாய்க் கிடக்க, இவை மட்டும் மினுமினுத்துக்கொண்டு நின்றன. பிறகு மாரி வந்தது. மார்கழி முடிவதற்குள் ஏழு சாடிகள் வெறுமையாகிவிட்டன. கடைசியாகப் போனது ஒரு உருண்டை எகைனோகக்டஸ். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அடியில் விரலை வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது. அவிந்த வெங்காயத்தின் மணம்.

எங்கள் ஊரில் கள்ளி வெயிலில் சாவதில்லை, மழையில்தான் சாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மெக்சிக்கோப் பாலைநிலத்துச் செடிகள் பலவற்றுக்குக் கோடையில்தான் மழை. குளிர்காலத்தில் அவை காய்ந்த மண்ணில் உறங்கும். இங்கே வெயில் மங்கி, வானம் மூடி, வாடைக்காற்று வீசும்போதுதான் மழையும் வருகிறது. செடி உறங்க வேண்டிய நேரத்தில் அதன் காலைத் தண்ணீருக்குள் வைத்துவிடுகிறோம்.

செத்த சாடிகளைக் கொட்டிப் பார்த்தேன். முழுக்கத் தும்புத்தூள், பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மணல்தானே வேண்டும் என்று மணற்காட்டுப் பக்கத்து மணலைக் கலந்தேன். அது மாப்போல நுண்ணியது. நனைந்ததும் இறுகி, வேருக்கு மூச்சுவிட இடமில்லாமல் அடைத்துக்கொண்டது. இப்போதைய கலவை இதுதான்: உடைந்த கூரை ஓட்டையும் செங்கல்லையும் தட்டி, அரிதட்டில் அரித்துத் தூளைக் கழித்துவிட்டு, கடலைப் பருமனில் எஞ்சுவது மூன்று பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, சிரட்டைக்கரி ஒரு பிடி. ஊற்றிய தண்ணீர் மேலே தேங்கி நில்லாமல் அடியால் ஓட வேண்டும். தேங்கினால் கலவை பிழை.

தண்ணீரிலும் ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லில் ஊறிய கிணற்றுநீர்தான் எல்லாவற்றுக்கும். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை சாடி விளிம்பிலும் படியும், மண்ணையும் காரமாக்கும். அதனால் மாரியில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்து வைத்துக் கோடையில் ஊற்றுகிறேன். செடியைக் கொல்லும் மழையே பிறகு அதற்கு நல்ல தண்ணீர். ஆனால் அதையும் அளவோடுதான் ஊற்றவேண்டும். கக்டஸ் இரவில்தான் மூச்சுத்துளைகளைத் திறந்து காபனீரொட்சைட்டை வாங்கிச் சேமிக்கும்; பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதில் உணவு ஆக்கும். ஈரத்தை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் செடி சாடித் தண்ணீரையும் மெல்ல மெல்லத்தான் குடிக்கும். ஊற்ற முன்னம் சாடியைத் தூக்கிப் பார்ப்பேன். கை கனத்தை உணர்ந்தால் திரும்ப வைத்துவிடுவேன்.

அழுகல் தொடங்கிவிட்டாலும் சிலவற்றைக் காப்பாற்றலாம். கூரான கத்தியைத் துடைத்து, நல்ல பகுதியில் குறுக்கே வெட்ட வேண்டும். நடுவில் மண்ணிறப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் இன்னும் மேலே வெட்டு. வெட்டுமுகம் முழுவதும் வெள்ளையாக வந்தபின், நிழலில் பத்து நாள் கிடக்கட்டும். காய்ந்து தோல் கட்டியதும் உலர்ந்த கலவையின்மேல் வைத்துவிடலாம். வேர் வரும்வரை தண்ணீர் இல்லை.

அம்மாவுக்கு இது பொறுக்காது. "பாவம் தம்பி, பச்சைத் தண்ணி காணாமல் நிக்குது" என்று அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிவிடுவார். ஒருநாள் கேட்டார்: "உதுகளும் எங்கட வேலிக் கள்ளியும் ஒண்டோ?"

ஒன்றில்லை. வேலியோரத்துச் சதுரக்கள்ளி கீறினால் பால் வடிக்கும் வேறு குடும்பம். சங்கப் பாடல்களில் பாலையிலும் சுடுகாட்டிலும் நிற்கும் கள்ளியும் அந்தக் குடும்பந்தான். கக்டஸில் முள் முளைக்கும் இடத்தில் சிறு பஞ்சுப் பொட்டு இருக்கும், கள்ளியில் இராது. பால் வடிவதை மட்டும் நம்ப முடியாது, மம்மில்லேரியா சிலவற்றிலும் வரும். இந்த மண்ணோடு ஒன்றிப்போன நாகதாளிகூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அது பெருகித் தொல்லையானபோது 1865 அளவில் ஒரு வகைச் செதிற்பூச்சி இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. வேறொரு நாகதாளிக்காக 1924இல் இன்னொரு வகை வந்தது. அது 1926இல் இங்கிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது. மடலில் அந்தப் பூச்சி போர்த்திக்கிடக்கும் வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் விரல் செக்கச்சிவக்கும்.

இத்தனைக்கும் இலங்கைக்குச் சொந்தமான கக்டஸ் ஒன்று உண்டு: ரிப்சாலிஸ் பக்சிஃபெரா. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் கக்டஸ் இனம் அது ஒன்றே. ஈரக் காடுகளில் மரக்கிளைகளில் கயிறு கயிறாய்த் தொங்கும். வளர்ந்த தண்டில் முள்ளே தெரியாது. மழை அதற்குப் பிடிக்கும். அதையும் எகைனோகக்டஸையும் ஒரே வாளியால் நனைத்தால் ஒன்று நிச்சயம் போகும். எந்த ஊர்ப் பிள்ளை என்று விசாரிக்காமல் நான் இப்போது எந்தச் செடிக்கும் தண்ணீர் வார்ப்பதில்லை.

போன ஐப்பசியில் ஒரு மாலை, கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா கொடியில் கிடந்த உடுப்பை அள்ளினார், பாயில் காய்ந்த மோர்மிளகாயைச் சுருட்டினார், பிறகு விறாந்தையில் நின்று கூப்பிட்டார்: "தம்பி, உன்ர முள்ளுகளை உள்ளுக்கு எடுத்தாச்சோ?"