ஐந்து விநாடி

தென் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நான்கு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் பேரின் இணையமும் ஒரே ஒரு ஸ்க்விட் பிராக்ஸி வழியாகத்தான் வெளியே போகும். அது ஒழுங்காக ஓடினால் என்னை யாருக்கும் தெரியாது. திணறினால் கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் என் பெயர் தெரியும்.

ஒரு ஜூலையில் திணற ஆரம்பித்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கொஞ்ச நேரம் வெள்ளையாக நிற்கும். பிறகு சட்டென்று வந்துவிடும். பார்த்தால் சிபியு சும்மா கிடந்தது. மெமரி, டிஸ்க் எல்லாம் தாராளம். லைன் பாதிகூட நிறையவில்லை.

அக்சஸ் லாகைத் திறந்தேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டாவதாக இருக்கும் எண், அந்தக் கோரிக்கைக்கு எத்தனை மில்லி விநாடி ஆனது என்பதைச் சொல்லும். ஹாஸ்டலிலிருந்து வந்த கனெக்ட் வரிகளில் 1,80,000, 2,40,000 என்று இருந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். பயலுவ படம் இறக்குறானுவ என்று முடிவுகட்டினேன். ஹாஸ்டலை மொத்தமாக மறித்துவிட்டு, காரணத்தை எழுதித் துறைத் தலைவர்களுக்கு மெயிலும் போட்டேன்.

வேகம் மாறவில்லை. ஆனாலும் மறிப்பை நான் எடுக்கவில்லை.

மறுநாள் லேப் அட்டெண்டர் அண்ணன் வந்தார். "சார், ஒரு தடவ தொறந்த சைட்டு அப்புறம் சல்லுனு வருது. புதுசா ஒண்ணுக்குப் போனாத்தான் நிக்கி."

"பாத்துக்கிடுதேன்ணே" என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இறுதியாண்டுப் பையன் ஒருவன் கதவருகில் நின்றான். ஏதோ தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். "அரை மணி நேரம் மட்டும் திறந்து விடுங்க சார்."

"படம் இறக்கும்போது இது ஞாபகம் வரலையா?"

"நான் எதுவும் இறக்கல சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கனெக்ட் வரிகளை விலக்கிவிட்டு, சாதாரண எச்டிடிபி வரிகளை மட்டும் பார்த்தேன். 5,041. 5,112. 5,067. நடுநடுவே 80, 120. நெரிசல் என்றால் எண்கள் கன்னாபின்னாவென்று சிதறியிருக்கும். இப்படி ஐயாயிரத்தை ஒட்டியே வந்து நிற்காது. டிஎன்எஸ் தேடலுக்கு ஆன நேரத்தைத் தனியாக எழுதும்படி லாக் வடிவத்தை மாற்றினேன். ஐந்து விநாடியும் அங்கேதான் போயிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், சர்வர் அறையில் சூடு அதிகம் என்று பழைய டிஎன்எஸ் இயந்திரத்தை நிறுத்தியிருந்தேன். நிறுத்தியது நான்தான். பிராக்ஸியின் ரிசால்வ் கோப்பில் அதன் முகவரி முதல் வரியாக அப்படியே இருந்தது. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் ஸ்க்விட் முதலில் அதைத்தான் கேட்கும். அது 'என்னால் முடியாது' என்று சொல்லியிருந்தால்கூட உடனே அடுத்ததிடம் போயிருக்கும். அணைந்து கிடப்பது எதையும் சொல்லாது. ஐந்து விநாடி காத்திருந்துவிட்டுத்தான் இரண்டாவதைக் கேட்கும். கிடைத்த விடையைக் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் இதுதான்.

அந்தக் கனெக்ட் எண்கள்? இணைப்பு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை மட்டுமே அவை சொல்லும். மெயிலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த எண் ஏறிக்கொண்டேயிருக்கும். மேனுவலில் படித்ததுதான். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துபோனது.

ஒரு வரியை நீக்கி, ஸ்க்விடைக் கோப்பை மறுபடி படிக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. ஹாஸ்டலையும் திறந்துவிட்டேன்.

காலையில் பிரின்சிபால் லேப் பக்கம் வந்தார். "பசங்கள கட் பண்ணதும் சரியாயிருச்சு, பாத்தீங்களா?"

"ஆமா சார்" என்றேன். அண்ணன் பக்கத்தில்தான் கீபோர்டு துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

அந்தப் பையனை மதியம் கேன்டீனில் பார்த்தேன். விண்ணப்பம் போட்டாயா என்று கேட்டேன். டவுனுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் போட்டதாகவும், திரும்ப பஸ் இல்லாமல் ஸ்டாண்டிலேயே படுத்துவிட்டு விடிந்தபின் வந்ததாகவும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. என்ன பிரச்சினை சார் என்று அவனும் கேட்டான்.

"சர்வர்ல ஏதோ" என்றேன்.