ஆடி வெள்ளியும் அடங்காத சர்வரும்

2024 ஜூலை 19. ஆடி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. கோவிலம்பாக்கத்தில் அம்மன் பாட்டு ஸ்பீக்கரில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரிலிருந்து ரேடியல் ரோட்டைப் பிடித்து துரைப்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட ஒருவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். வேலை, சர்வர் பார்ப்பது. (ஓட்டல் சர்வர் இல்லை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய், கடைசியில் 'சர்வர் சுந்தரம்' என்ற பட்டப்பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டார்!)

அன்று லீவு போட்டிருந்தார். அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கு. அம்மா தேங்காய் பழத்தட்டோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது. மணி பத்தாக இன்னும் சில நிமிடம்.

"சார், மெயின் சர்வர் ரீஸ்டார்ட் ஆயிக்கிட்டே இருக்கு சார். விண்டோஸ் வருது, புள்ளி சுத்துது, நீலமா ஏதோ வருது, மறுபடி மொதல்லருந்து..."

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரேயடியாகச் செத்துப்போன மெஷின் நல்ல மெஷின். மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டுப் போகலாம். இப்படி விழுந்து விழுந்து எழுந்திருக்கிறதே, அதுதான் மண்டையைக் காயவைக்கும். காரணத்தைச் சொல்ல வாய் திறக்கும், சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கண் விழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தைக் காட்டும். ஆகவே முதல் வேலை சரிசெய்வது இல்லை. ஓடுவதை நிறுத்துவது.

இதை அவர் கற்றுக்கொண்டது 2003-ல், காலேஜ் படிக்கும்போது பகுதிநேர வேலை பார்த்த ஒரு பிரவுசிங் சென்டரில். அந்த ஆகஸ்ட் மாதம் அங்கிருந்த எக்ஸ்பி மெஷின்கள் திடீரென்று '60 விநாடியில் கணினி நிறுத்தப்படும்' என்று எண்ண ஆரம்பித்தன. மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கடை, மெஷின் ஒரு நிமிடம்தான் நிற்கிறது! ஓனர் ஆளை விட்டு எல்லா மெஷினையும் திறக்கவைத்தார். ராமைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்தார்கள் (அன்றைக்கு எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து). எஸ்.எம்.பி.எஸ். மாற்றினார்கள். ஃபேன் தூசு தட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. தற்செயலாக ஒரு மெஷினின் நெட்வொர்க் வயர் கழன்று கிடந்தது. அது மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது, வியாதி பெட்டிக்குள் இல்லை, வயர் வழியாக வருகிறது என்று. பிளாஸ்டர் என்ற புழு. ரன் பெட்டியில் ஷட்டவுன் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு 'ஏ' சேர்த்தால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும். அந்த அவகாசத்தில் மைக்ரோசாஃப்ட்டின் பேட்ச்சைப் போட வேண்டும். பேட்ச் ஜூலை 16-ஆம் தேதியே வந்திருந்தது, புழு கிளம்பியது ஆகஸ்ட் 11. யாரும் போட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, 2024-க்கு வருவோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒண்ணு மட்டுமா, எல்லாமேவா?"

கேள்வி சின்னதுதான், ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஒரு மெஷின் மட்டும் என்றால் ராம், பவர் சப்ளை, சூடு, ஹார்ட் டிஸ்க் என்று வரிசையாகச் சந்தேகப்படலாம். கிளம்பும்போதுதான் டிஸ்க்கும் ஃபேனும் ஒரே மூச்சில் கரண்ட் இழுக்கும், நோஞ்சான் பவர் சப்ளை அங்கேதான் மயக்கம் போடும். ஆனால் பத்து மெஷினுக்கு ஒரே நேரத்தில் ராம் கெட்டுப்போகாது. மறுமுனையில் பையன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "எல்லாமே சார். டெஸ்க்டாப்பும்."

நீலத் திரையை செல்போனில் வீடியோ எடுத்து, நிறுத்திப் பார்க்கச் சொன்னார். 'சிஎஸ்ஏஜென்ட்' என்று ஒரு டிரைவரின் பெயர் வாசிக்கக் கிடைத்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா செருப்பைக் கழற்றினார்.

நடந்தது இதுதான். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், விண்டோஸின் அடிமடியில் உட்கார்ந்து காவல் காப்பது. அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு அது உலகம் முழுக்க ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. அதைப் படிக்கும் நிரல் 21-ஆவது தகவலைத் தேடியது, கொடுக்கப்பட்டதோ 20. இல்லாத இடத்தில் கைவிட்டவுடன் விண்டோஸ் தன்னை நிறுத்திக்கொண்டது. 10.57-க்கு ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 78 நிமிடம்தான்! ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி அதற்குள் 85 லட்சம் மெஷின்கள் படுத்துவிட்டன. 2003-ல் பேட்ச் போடாதவன் மாட்டினான், இந்தத் தடவை சொன்ன பேச்சைக் கேட்டு அப்டேட் வாங்கியவன் மாட்டினான்.

திருத்தம் வந்த பிறகும் ஏன் சரியாகவில்லை? அந்த டிரைவர் விண்டோஸ் எழும்போதே முதல் ஆட்களில் ஒன்றாக ஏறிவிடும். நெட்வொர்க் விழிப்பதற்குள் மெஷின் விழுந்துவிடும். மருந்து வாசல்வரை வந்து நிற்கிறது, கதவைத் திறக்க ஆள் இல்லை. சில மெஷின்கள் மட்டும் விழுவதற்கு முன் ஓடிப்போய் நல்ல ஃபைலை வாங்கிவிடும். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் மெஷின்களை 15 தடவை வரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னது. கேட்க வேடிக்கையாக இருக்கும், சில இடங்களில் பலித்தது. மற்றவற்றுக்கு ஆள் நேரில் போய், பழுதுநீக்கும் திரைக்குள் நுழைந்து, அந்த ஒரு ஃபைலை அழித்தே ஆக வேண்டும்.

ரேடியல் ரோட்டின் இன்னொரு முனையில் பல்லாவரம், அதைத் தாண்டினால் மீனம்பாக்கம் விமான நிலையம். அங்கேயும் இதே கதை. நாடு முழுக்கக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இண்டிகோ மட்டும் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது. வங்கிகள் தப்பித்தன, 10 வங்கி, நிதி நிறுவனங்களில் மட்டும் லேசான பாதிப்பு என்றது ரிசர்வ் வங்கி.

அவருக்கு இன்னொரு சிக்கல். டிஸ்க்குகள் பிட்லாக்கரால் பூட்டப்பட்டவை. திறக்க மெஷினுக்கு ஒன்றாக 48 இலக்க எண் வேண்டும். அந்த எண்கள் எல்லாம் பத்திரமாக ஒரு சர்வரில் இருந்தன. அந்த சர்வர்தான் காலையிலிருந்து ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது என்பார்களே, அதேதான். நல்லவேளை, அது மெய்நிகர் மெஷின், பூட்டும் போடப்படவில்லை. அதன் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு நல்ல மெஷினில் மாட்டி, ஃபைலை அழித்து, திரும்ப மாட்டினார். எழுந்து நின்றது. எண்களைக் காகிதத்தில் அச்சடித்துப் பையன்கள் ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இரவு பதினொன்றரைக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. மதுரைக் கிளையின் சர்வர். காலையில் ஏழு மணிக்கு அங்கே ஷிப்ட் ஆரம்பம், இப்போது அங்கே இருப்பது வாட்ச்மேன் மட்டும்.

"அண்ணே, நான் நம்பர் சொல்றேன், ஆறு ஆறா அடிங்க."

"சொல்லுங்க தம்பி. கண்ணாடி போட்டுக்கிறேன்."

எட்டுத் தடவை ஆறு இலக்கம். முதல் முறை ஏற்கவில்லை, எங்கோ ஒரு எண் தப்பு. இரண்டாவது முறை திறந்தது. கறுப்புத் திரை. அங்கிருந்து 'சி' டிரைவுக்குப் போக வேண்டும். விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், கிரவுட்ஸ்ட்ரைக் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"சாய்வுக் கோடு ரெண்டு இருக்கே தம்பி, எதை அமுக்க?"

"என்டருக்கு மேல இருக்கறது அண்ணே."

'சி-00000291' என்று தொடங்கும் ஃபைல். பூஜ்ஜியம் ஐந்தா ஆறா என்று அவரே ஒரு தடவை வரவில்லை, விரல் விட்டு எண்ணினார். ஐந்துதான். அழிக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகத் திருப்பிப் படிக்கவைத்துக் கேட்டுவிட்டு, என்டர் தட்டச் சொன்னார். ரீஸ்டார்ட். இரண்டு பேரும் பேசவில்லை. லைனில் மதுரைச் சர்வரின் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி, மலைப் படம் ஒண்ணு வந்துருக்கு. மணி பதினொண்ணு அம்பத்தி ரெண்டுன்னு காட்டுது. அப்படியே நிக்குது."

"நிக்கட்டும் அண்ணே. ரெண்டு நிமிஷம் பாருங்க."

நின்றது.

"அப்ப இதை ஆஃப் பண்ணிட்டு ரூமைப் பூட்டிறவா?"

"அய்யோ, வேணாம் அண்ணே! எதையும் தொடாதீங்க!"