மாலைதீவில் ஒரு பதில் ஆசிரியை

கொழும்பில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் மாலைதீவில் இறங்கிவிடலாம். எமது வீட்டுச் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அங்கிருந்து வந்ததுதான். அவ்வளவு அண்மையிலுள்ள நாட்டில், 2017 ஆம் ஆண்டு ஒரு தீவுப் பாடசாலையில் பதில் ஆசிரியையாகக் கடமையேற்றேன்.

அங்கே நிரந்தர ஆசிரியை மேற்படிப்புக்காக விடுமுறையில் சென்றிருந்தார். எனக்கு ஓராண்டு ஒப்பந்தம். வீசா அந்த வேலையோடு கட்டுப்பட்டது; வேலை முடிந்தால் வீசாவும் முடிந்தது. வேறொரு பாடசாலை விரும்பி அழைத்தாலும் புதிய அனுமதியின்றி அங்கே கற்பிக்க முடியாது. (வெளிநாட்டு வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பார்க்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும்.) பிள்ளைகளுக்கும் இது தெரியும். "போகப்போகிறவர்தானே" என்ற பார்வையோடு இரண்டு வாரம் என்னை அளந்து பார்த்தார்கள்.

நான் புவியியல் படித்த கலைப் பட்டதாரி. ஏழாந் தரத்துக்கு ஆங்கில மொழிமூலம் சமூகக் கல்வி கற்பித்தேன். ஒருநாள் ஆறுகள் பற்றிய பாடம். மாலைதீவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரங்கூட இல்லை. மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்று பலகையில் எழுதினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவ்வளவு நல்ல தண்ணீரும் கடைசியில் கடலுக்கா போகிறது, மிஸ்?"

கூரையில் விழும் மழையைத் தாங்கியில் சேர்த்துக் குடிக்கும் பிள்ளை அவள். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை பல தீவுகளின் கிணற்று நீரை உவராக்கியதை வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். அவளுக்குப் பாடநூலின் வரைவிலக்கணம் என்ன பதிலைச் சொல்லும்?

நூலை மூடிவிட்டு மழைக்குக் காத்திருந்தோம். மழை வந்த அன்று வகுப்பையே விறாந்தையில் நிறுத்தினேன். கூரை நீரேந்து பரப்பு, பீலிகள் கிளையாறுகள், தாங்கி நீர்த்தேக்கம். நிரம்பி வழிந்த நீர் முற்றத்து வெண்மணலை அரித்து, வளைந்து, வாயிலருகே விசிறிபோல் மணலைப் படியவிட்டது. "கழிமுகம்!" என்று கத்தியவன் அதுவரை வாய் திறவாத ஒரு பையன்.

அடுத்தவர் வகுப்பில் இப்படி ஒழுங்கை மாற்றலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கதிரைதான் அடுத்தவருடையது, அந்த ஆண்டு பிள்ளைகளுடையது என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் முடிந்த வாரம் ஆசிரியை திரும்பி வந்தார். முடித்த பாடங்களின் குறிப்பேட்டைக் கையளித்தேன். அந்த மாணவியின் பெயருக்கு எதிரே, "நிறையக் கேட்பாள், நேரம் கொடுக்கவும்" என்று எழுதியிருந்தேன்.