மேடைக்கு ஏது தீட்டு?

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில், பனமரத்துப்பட்டி ஒன்றிய அளவில் குழுப்பாட்டுக்கு முதலிடம் வாங்கியது என் மகளின் குழு. அடுத்தது மாவட்டப் போட்டி. சேலம் கிளம்பும் நாள் காலையில் அவளுக்குத் தூரம்! "அடிவயிறு இழுக்குதும்மா" என்று சுருண்டு விட்டாள்.

"தீட்டோட மேடை ஏறுவாளா? ஊட்டுலயே கெடக்கட்டும்" என்றார் மாமியார்.

கர்ப்பப்பை சுருங்குவதால் வரும் வலிதானே அது? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், தளர்ந்தது. வெறும் வயிறு ஆகாதென்று சூடாக இரண்டு இட்லி. பையில் மாற்று நாப்கின்கள். நாலைந்து மணிக்கொரு தரம் மாற்றச் சொன்னேன். டீச்சரிடமும் காதோடு சொல்லி வைத்தேன். (இதில் என்ன வெட்கம்?)

"பாட்டுக்கு ஏது அத்தை தீட்டு?" என்று பஸ் ஏற்றி விட்டேன்.

இரண்டாம் இடம்தான். சாயங்காலம் அரளி கட்டிக்கொண்டிருந்த மாமியார், "அந்தப் பாட்டைப் பாடு கண்ணு, கேப்போம்" என்றார்.