தபால் நிலைய வாசலில் ஒரு பேராயர்

டர்பன் என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். 1893-ல் அங்கே கப்பலில் போய் இறங்கிய காந்தி. 2007-ல் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த யுவராஜ். எனக்கு மூன்றாவதாக ஒருவரும் சேர்ந்துவிட்டார்: பேராயர் டெனிஸ் ஹர்லி.

அலுவலக வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தபோது மசாலா வாங்க விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் போனேன். அங்கேயே ஜும்மா மசூதி, அதன் பக்கத்தில் இம்மானுவேல் பேராலயம். தெருவின் பெயர் டெனிஸ் ஹர்லி தெரு. பழைய பெயர் குயீன் ஸ்ட்ரீட்டாம். ராணியையே எடுத்துவிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்களே, யார் இந்த மனிதர் என்று தேடிப் படித்தேன்.

1915-ல் கேப்டவுனில் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போன குடும்பம். அப்பாவுக்குக் கலங்கரை விளக்கத்தில் வேலை. ராபன் தீவிலும் கொஞ்ச காலம் வளர்ந்திருக்கிறார். ஆமாம், பிற்பாடு மண்டேலாவை 18 வருடம் அடைத்து வைத்தார்களே, அதே தீவுதான்! 31 வயதில் ஆயர், 35 வயதில் டர்பன் பேராயர்.

அவர் பதவிக்கு வந்த அடுத்த வருடமே, 1948-ல், நிறவெறி அரசு வந்தது. எந்த நிறத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று 1950-ல் சட்டம் போட்டார்கள். கேட்டோ மேனரில் இருந்த இந்தியர்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். 1860 முதல் மதராஸில் கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள், அதில் நம் தமிழர்களும் நிறைய. கறுப்பினத்தவருக்கும் அதே கதிதான்.

ஹர்லி வெள்ளைக்காரர். அந்தச் சட்டத்தால் அவருக்கு ஒரு செங்கல்கூட நஷ்டமில்லை. பூசை வைத்தோமா, ஞானஸ்நானம் கொடுத்தோமா என்று இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. நிறவெறி அடிப்படையிலேயே தீமையானது என்று 1957-ல் அந்நாட்டு ஆயர்கள் அறிக்கை விட்டபோது ஆயர் பேரவைக்கு அவர்தான் தலைவர். கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகளுக்கு அரசு மானியத்தை நிறுத்தியபோது, சபை சொந்தமாக நிதி திரட்டி நடத்தியது.

என்னை அசைத்தது அறிக்கை அல்ல. 1970-களில் டர்பன் தபால் நிலையத்தின் முன்னால், மக்களை வீட்டைவிட்டு விரட்டுவதை எதிர்த்து, கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றிருக்கிறார். ஒரு பேராயர், நடுத்தெருவில்!

ரோமாபுரியிடமும் இதே நேர்மைதான். கருத்தடை பற்றிய 1968-ஆம் வருட சுற்றுமடலில் தனக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் சபையைவிட்டுப் போகவும் இல்லை. கர்தினால் பதவி கடைசிவரை வரவில்லை.

நமீபியாவில் கூவூட் என்ற போலீஸ் படை செய்த அட்டூழியங்களைச் சொன்னதற்காக 1984-ல் அவர் மேல் வழக்கு. 1985 பிப்ரவரியில், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் அரசே வாபஸ் வாங்கியது.

1992-ல் ஓய்வு பெற்றதும் அதே பேராலயத்தில் பங்குத்தந்தையாக வேலை பார்த்தார். 2004-ல் 88 வயதில் மறைந்தார். 2015-ல் பேராலயத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு மையம் திறந்தார்கள். வீடில்லாதவர்களுக்கும், பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிகளுக்கும் சாப்பாடு, வைத்தியம். அந்த அகதிகளை இப்போது விரட்டுவது வெள்ளைக்காரர்கள் அல்ல, நேற்றுவரை விரட்டப்பட்டவர்களில் சிலர் என்பதுதான் கொடுமை.

மும்பையில் இருக்கும் நமக்கு இது புதுசில்லை. 60-களில் நம் ஆட்களை 'மதராஸி' என்று விரட்டிய கதையை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2008-ல் பீகார், உ.பி. காரர்களை ரயிலடியிலும் டாக்ஸியிலும் அடித்தபோது, "அப்பாடா, இந்தத் தடவை நாம் இல்லை" என்று பெருமூச்சு விட்ட வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பெருமூச்சு எனக்குப் புரிகிறது, பயத்தில் வருவதுதான். ஆனால் அடி தன்மேல் விழாது என்று தெரிந்தும் அட்டையோடு போய் நின்ற ஒருவர் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். அடுத்த தடவை யாரை விரட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?