ஆங்கிலம் கற்பிக்க ஒரு சபர்

சபர் என்னும் சொல் அரபு மொழியில் பயணத்தை மட்டுமே குறிக்கும். நம் பகுதியிலோ அது வேறு பலவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டது. நன்னிலம், பூந்தோட்டம், எரவாஞ்சேரி, கூத்தாநல்லூர், பொதக்குடி என்று எந்த ஊரிலும் ஒருவர் ‘சபரில் இருக்கிறார்’ என்றால், கடலுக்கப்பால் பொருளீட்டப் போயிருக்கிறார், மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் வருகிறது, அவர் முகம் காண வீட்டார் ஏங்கியிருக்கின்றனர் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும். நம் பாட்டனார் காலத்தில் சபர் என்றால் பர்மாவும் மலாயாவும். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கூத்தாநல்லூருக்குச் ‘சின்னச் சிங்கப்பூர்’ என்ற பெயர் அவ்வாறு வந்ததே. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் முகங்கள் வளைகுடாவை நோக்கித் திரும்பின. கடைச் சிப்பந்தியும் சமையற்காரரும் ஓட்டுநரும் கணக்கரும் போயினர். ஆசிரியர் போனது குறைவு. ஆங்கிலம் கற்பிக்க ஒரு பெண் சபர் போவது நம் குடும்பத்தில் அதுவரை நடவாதது.

ஆசிரியர்கள் கடல் கடந்து போனதே இல்லையென்று சொல்லவில்லை. எத்தியோப்பியாவில் மன்னர் ஹைலே செலாசி ஆண்ட காலத்தில், அந்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பெருந்தொகையாகப் பணியாற்றினர். கேரளத்தார் மிகுதி, தமிழரும் இருந்தனர். அங்கே மேல்வகுப்புகளில் பயிற்றுமொழி ஆங்கிலம். 1974இல் மன்னராட்சி வீழ்ந்தது. பின்னர் நைஜீரியாவும் நம் ஆசிரியரை நாடியது. அவர்களெல்லாம் அழைக்கப்பட்டுப் போனவர்கள். இன்று போகிறவர் விண்ணப்பித்துப் போகிறார். அழைப்புக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே எத்தனை முத்திரைகள் உள்ளன என்பதை நம் தங்கை மகளுக்காக அலைந்தபோது நாம் கண்டோம்.

அவள் ஆங்கிலத்தில் முதுகலை, ஆசிரியப் பயிற்சியிலும் பட்டம் பெற்றவள். ஒரு தனியார் பள்ளியில் ஆறாண்டுகளாகக் கற்பித்து வந்தாள். ஊதியம் மாதம் ரூ.14,000. அவள் அத்தாவின் நெஞ்சு வைத்தியத்துக்காக மூன்று மா நிலம் ஒத்திக்குப் போயிருந்தது. மிஞ்சிய நிலத்தில் குறுவை வைத்தார்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை உரிய காலத்தில் திறந்தும், கடைமடை வயல்களுக்கு நீர் எட்டாமற் பயிர் கருகியது. அன்றிரவு அவள் நம்மிடம் வந்து, “மாமு, நான் சபர் போகட்டுமா?” என்று கேட்டாள். முப்பதாண்டு ஆங்கிலம் கற்பித்து ஓய்ந்தவர் நாம். மறுப்புச் சொல்ல நம்மிடம் என்ன இருந்தது?

முதலில் தென்கொரியாவைப் பார்த்தோம். அங்கே ஆங்கிலம் கற்பிக்க வரும் அயல்நாட்டாருக்கு ‘ஈ-2’ என்றொரு விசா உண்டு. அது ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்கள் வரக்கூடாதென்று நாம் சொல்லவில்லை, நன்றாகக் கற்பிப்பார்கள். ஆனால் உச்ச நீதிமன்றத்து வழக்கை ஆங்கிலத்தில் நடத்தும் நாட்டின் குடிமகள் ஒருத்தி, எவ்வளவு கற்றிருந்தாலும், அந்த ஏழில் அடங்கமாட்டாள். அங்கே நாவின் திறத்தைவிடக் கடவுச்சீட்டின் அட்டையே முதலில் பார்க்கப்படுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு; அதை அறிந்தோர் சிலரே. இந்தியாவும் தென்கொரியாவும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்டு, 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொருளாதார உடன்படிக்கையில், இந்தியரை ஆங்கிலத் துணையாசிரியராக ஏற்கலாமென்று இடம் வைத்திருக்கிறார்கள். பட்டமும் ஆங்கிலம் கற்பிக்கும் தகுதிச் சான்றும் வேண்டும். கப்பல், மோட்டார், இரும்பு பற்றியெல்லாம் பேரம் பேசிய கையோடு இதையும் யாரோ ஒருவர் நினைவாகச் சேர்த்திருக்கிறார். அவருக்கு நம் நன்றி. ஆயினும் ‘துணை’ என்ற சொல் அங்கே நிற்கிறது. சட்டம் கதவைத் திறந்துவைத்தாலும் உள்ளே கூப்பிட ஒரு பள்ளி வேண்டுமன்றோ? அவள் எழுதிய மடல்கள் ஒன்றுக்கும் விடை வரவில்லை.

ஆகவே ஐக்கிய அரபு அமீரகம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கே பல. ஒரு பள்ளி அவளைத் தொலைபேசித் திரையில் நேர்காண இசைந்தது. அதற்கு முன்பே தாள்களை ஆயத்தம் செய்யச் சொன்னார்கள். பட்டச் சான்றிதழ் மெய்யானது என்று பல்கலைக்கழகம் எழுதித் தரவேண்டும். சென்னையில் மாநில அரசின் உயர்கல்வித் துறை அதன்மேல் முத்திரை இடவேண்டும். பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம். அதன்பின் அமீரகத் தூதரகம். கடைசியில், அங்கே போய் இறங்கியபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்திய முத்திரை மெய்யானது என்பதற்கு மட்டுமே சாட்சி சொல்கிறது. படித்தவளைப் பற்றி அவற்றுள் ஒன்றும் பேசுவதில்லை.

இந்தச் சங்கிலியைச் சுருக்கவே 1961இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதிற் சேர்ந்த நாடுகளுக்குள் ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே முத்திரை போதும். இந்தியாவில் அது 2005 முதல் நடப்பில் உள்ளது. ஓமன் 2012இலும் பஹ்ரைன் 2013இலும் சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. நம் பிள்ளை விண்ணப்பித்த 2023இல் அமீரகம் அதற்கு வெளியே இருந்தது. அதனால் நமக்கு முழுச் சங்கிலிதான்.

முத்திரைகளைவிட நம்மைத் திடுக்கிடச் செய்தது ஓர் ஆங்கிலச் சொல். நம் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண் பட்டியலில் ‘இன்டர்னல்’, ‘எக்ஸ்டர்னல்’ என்று இரு பத்திகள் இருக்கும். முன்னது கல்லூரியிலேயே இடும் மதிப்பெண். பின்னது பல்கலைக்கழகத் தேர்வில் பெறும் மதிப்பெண். கல்லூரி வாயிலை மிதித்த எவரும் இதை அறிவர். ஆனால் அமீரகத்தில், பட்டத்துக்குச் சமன்மைச் சான்று வழங்குவோர் ‘எக்ஸ்டர்னல்’ என்பதைக் கண்டு, இவர் கல்லூரிக்கே போகாமல் வெளியிலிருந்து தேர்வெழுதியவர் என்று பொருள்கொண்டுவிட்டார்கள். 2017, 2018ஆம் ஆண்டுகளில் அங்கே பணியில் இருந்த இந்திய ஆசிரியர் பலருக்குச் சமன்மைச் சான்று மறுக்கப்பட்டது. வேலையே போகும் நிலை வந்தது. இந்தியத் தூதரகம் தலையிட்டு, அந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் என்ன பொருள் என்பதை அங்குள்ள கல்வி அமைச்சகத்துக்கு விளக்கவேண்டியதாயிற்று. நாமும் அவர்களும் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் படித்தோம். ஆனால் அந்தச் சொல்லை நாம் நம் வழக்கில் வைத்துக்கொண்ட பொருள் அங்கே ஆங்கிலமாகச் செல்லுபடியாகவில்லை.

நம் பிள்ளையின் பட்டியலிலும் அந்தப் பத்தி இருந்தது. தூதரகம் முன்பே விளக்கியிருந்தபோதிலும், பள்ளிக்காரர்கள் முன்னெச்சரிக்கையாக, ‘இவர் கல்லூரியில் முழுநேரம் சேர்ந்து பயின்றவர்’ என்று ஒரு கடிதம் கேட்டார்கள். அந்த நான்கு வரிக்காக ஐந்து முறை பயணம். விடியற்காலை நன்னிலத்தில் ரயிலேறி, இருட்டிய பின் திரும்புவோம். ஐந்தாம் முறை கடிதம் கிடைத்தது. அதில் அவள் பெயரில் ஓரெழுத்துப் பிழை. எழுத்தர் நல்லவர். நம்மை உட்காரவைத்து அப்போதே திருத்தித் தந்தார்.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். இந்த அலைச்சலுக்கிடையில் ஒருவர் வீடு தேடி வந்து, இரண்டு லட்சம் கொடுத்தால் எல்லாவற்றையும் தாமே முடிப்பதாகச் சொன்னார். 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, ஆள்சேர்க்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். அவர் வாங்கத்தக்க கட்டணம், வரி நீங்கலாக, ரூ.30,000 வரைதான். பதிவு எண்ணைக் கேட்டோம். தேநீரைக் குடித்துவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை.

நேர்காணலில் பத்து நிமிடம் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நாம் அடுத்த அறையில் இருந்து கேட்டோம். ‘ஸின்ஸ்’, ‘ஃபார்’ என்ற இரு சொற்களின் வேறுபாட்டை அவள் எடுத்துக்கொண்டாள். நம் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தடுமாறுகிற இடம் அது. அவள் நடவை உவமை காட்டினாள். நாற்று நட்ட நாள் எதுவென்று கேட்டால் அது ‘ஸின்ஸ்’. பயிருக்கு வயது எத்தனை நாளென்று கேட்டால் அது ‘ஃபார்’. முன்னது ஒரு புள்ளி, பின்னது ஒரு நீளம். முப்பதாண்டில் நமக்குத் தோன்றாத விளக்கம்! அந்தப் பக்கத்தில் சற்று மௌனம். பிறகு ஓர் அம்மையார், “வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?” என்று கேட்டார். “தமிழ்” என்றாள். “அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்கு வழி கண்டுபிடித்தேன், உங்கள் பள்ளிப் பிள்ளைகளும் ஏதாவதொரு மொழியிலிருந்துதானே வருகிறார்கள்?” என்றும் சேர்த்துச் சொன்னாள். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்ட செய்தி வந்தது.

நுழைவு அனுமதி 2024 பிப்ரவரியில் கிடைத்தது. வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் அமீரகத்தில் இறங்கவேண்டும். அங்கே இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கின்றன. இங்கே அவளுடைய பத்தாம் வகுப்பு மாணவர்க்கு மார்ச்சுக் கடைசியில் பொதுத்தேர்வு. உடனே புறப்படு என்று வீட்டில் அனைவரும் சொன்னார்கள்; ஒத்தி நிலத்தின் தவணையும் அதைத்தான் சொன்னது. அவள் நாட்காட்டியை எடுத்து வைத்து எண்ணினாள். “ஆங்கிலப் பரீட்சை முடிந்ததும் போகிறேன், மாமு. அறுபதுக்குள் வந்துவிடுகிறது” என்றாள்.

அது ரமலான் மாதம். பரீட்சை முடிந்த அன்று பிற்பகல், அவளுடைய மாணவிகள் ஏழெட்டுப் பேர் வினாத்தாளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அதைத் தராசில் தொங்கவிட்டு, எடை கூடியதால் ஊறுகாய் ஜாடியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார் நம் தங்கை. அவள் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து, ஒவ்வொரு வினாவுக்கும் என்ன எழுதினாய், என்ன எழுதினாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்கும் வரை அவர்கள் போகவில்லை. பள்ளிவாசற் கஞ்சியில் ஆளுக்கொரு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.