காடி வெட்ட எந்த பிளேடு?

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே தச்சு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அலமாரியின் பக்கப் பலகையில் தட்டு உட்கார வெட்டும் காடிக்கு அங்கே 'டேடோ' என்று பெயர். மேஜை ரம்பத்தின் சாதாரண பிளேடு ஒரு தடவைக்கு 1/8 அங்குலம்தான் வெட்டும். டேடோ செட்டில் இரண்டு ஓர பிளேடுகள், நடுவில் சில 'சிப்பர்'கள். அடுக்கி மாட்டினால் ஒரே தள்ளலில் முக்கால் அங்குலம்!

செட் 6 அங்குலத்திலும் 8 அங்குலத்திலும் வரும். பெரியதுதான் நல்லது என்று பலர் காசைக் கொட்டுகிறார்கள். காடியின் ஆழமோ பெரும்பாலும் 1/4, மிஞ்சினால் 3/8 அங்குலம். அதற்கு 6 போதும். விலையும் எடையும் குறைவு, சின்ன மோட்டார் திணறாது. ஒரு விதிவிலக்கு: விரல் பட்டதும் பிளேடை நிறுத்தும் 'சாஸ்டாப்' ரம்பம். அதற்கு 8 அங்குல செட்டும், டேடோவுக்கென்று தனி பிரேக் கார்ட்ரிட்ஜும் வேண்டும்.

ஆனால் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது ரம்பத்தின் அச்சை. அடுக்கை மாட்டிய பின் நட்டு முழுதாகப் பிடிக்க மரை மிச்சம் இருக்கிறதா? தூக்கிச் செல்லும் சின்ன ரம்பங்கள் பலவற்றில் அச்சு குட்டை. சிலவற்றில் டேடோ மாட்டவே கூடாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் இரும்பு கழன்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பாதுகாப்பு மூடியும் பெரும்பாலும் கழற்றித்தான் இருக்கும்.

மலிவான 'வாபிள்' பிளேடு என்று ஒன்று இருக்கிறது. ஒற்றை பிளேடு, சாய்ந்து ஆடியபடியே சுற்றும். காடியின் அடி லேசாக வளைந்துவிடும், தட்டு சரியாக உட்காராது. மிச்சம் பிடித்த காசு அங்கே போயிற்று.

இன்னொன்று. 'முக்கால் அங்குல' பிளைவுட் நிஜத்தில் பெரும்பாலும் 23/32 அங்குலம்தான் (விற்பவர்கள் கணக்கு அப்படி!). ஷிம் தகடுகளோடு வரும் செட்டாக எடுத்து, அகலத்தைச் சரிக்கட்டி, முதலில் ஒரு கழிவுப் பலகையில் வெட்டிப் பாருங்கள்.